எங்க வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான்

எங்கள் பிழைப்பே ஈரத்தைக் காயவைப்பதுதான். ஓட்டல் படுக்கை விரிப்புகள், முடிதிருத்தும் கடைத் துண்டுகள், ஆஸ்பத்திரியின் பச்சை அங்கிகள் என்று ஊர் அழுக்கெல்லாம் எங்கள் சலவைக் கூடத்துக்கு வந்து மொடமொடவென்று திரும்பிப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண்கள் ஒரு மணி நேரம்கூட முழுசாகக் காய்ந்து இருந்ததில்லை என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தெரியவே பத்து வருஷம் ஆனது.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே ஒன்றைக் கவனித்தேன். மெத்தை வைத்த நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பிளாஸ்டிக், இல்லாவிட்டால் மரப் பெஞ்சு. வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரு சோபா வாங்கலாம் என்று நான் வாயைத் திறந்தால் மாமியாரும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் "தூசி அடையும்" என்பார்கள். இரண்டு பேரும் விடிவதற்கு முன்னால் குளித்துத் துணி துவைத்து முடித்திருப்பார்கள். கறுப்பு, கருநீலம், அரக்கு தவிர வேறு நிறம் உடுத்த மாட்டார்கள். தொழில் சுத்தம் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். புகுந்த வீட்டில் புதுப்பெண் எதை ஆராய முடியும்?

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணம் ஆகாதவர். மாமனார் போன பிறகு சலவைக் கூடத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். அவர் கிழித்த கோட்டை என் வீட்டுக்காரர் தாண்ட மாட்டார். கோடு கிழிக்காத இடத்தில்கூட அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். "அக்கா என்ன சொல்றாங்க?" என்பது எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி.

அந்த அம்மாளின் திமிர் ஊரறிந்தது. இளம்வயதில் ஒரு நல்ல இடம் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுப் புதுச் சோபாவில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பெண் மட்டும் உட்காரவில்லை. "உக்காரும்மா, உக்காரும்மா" என்று மாமியாராக வர வேண்டியவர் கெஞ்ச, இவர் "பரவாயில்ல" என்று கடைசி வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றாராம். இப்பவே இந்த ஆணவம் என்றால் நாளைக்கு நம்மைத்தான் நிற்க வைப்பாள் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். காலி பஸ்ஸில்கூட நின்றுகொண்டேதான் வருவார். என் தங்கை அவருக்கு 'கொடிக்கம்பம்' என்று பெயர் வைத்தாள். எனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

என் மகள் சிட்டு பிறந்தாள். எல்லாக் குழந்தையும் ஒரு வயதுக்கு மேல் சொல்லிவிட்டுப் போகப் பழகும். இவளும் பழகினாள். "அம்மா, ஒண்ணுக்கு" என்று சமர்த்தாகச் சொல்லி, சமர்த்தாகப் போய்விட்டு வருவாள். வந்து அரை மணியில் ஜட்டி நனைந்திருக்கும். மூன்று வயதில் சரியாகும் என்று பார்த்தேன். நாலு, ஐந்து. மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தாம்மா. போகப் போகப் பழகிடும்" என்றார். நம் வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் தாமதம், போகப் போக நின்றுவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் சொன்னது, நனைவது நிற்காது, குழந்தைக்குப் பழகிவிடும் என்று. அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணையும் மூடிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் சிட்டுவைப் பெஞ்சிலிருந்து எழுப்பித் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தாள். கழுவ வசதியாம். நாத்தனாரிடம் சொன்னால் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று போனேன். அவர் ஒரு பழைய துண்டை எடுத்து, "இதை இப்படி நாலா மடி. நடுவுல ஒரு மடிப்பு அதிகம் வரணும். பாவாடை கறுப்புலயே தைச்சுக் கொடுத்துடறேன்" என்றார். சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் துண்டை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

முதல் டாக்டர், தண்ணீரைக் குறை என்றார். குறைத்தோம். குழந்தையின் உதடு வெடித்ததுதான் மிச்சம், ஈரம் குறையவில்லை. இரண்டாவது டாக்டர், அம்மாவின் கவனத்தை இழுக்கக் குழந்தை செய்கிற வேலை இது என்றார். வகுப்பு முழுக்கப் பார்த்துச் சிரிக்க நனைந்து நிற்பதுதான் என் கவனத்தை இழுக்கும் வழியென்று ஏழு வயதுப் பெண் கண்டுபிடித்தாளாம்! மூன்றாவது டாக்டர்தான் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டு, குழந்தைகளுக்கு இந்த மாதிரி ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாத்தனார் கூடத்தை அப்படியே போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினார். எனக்குத் துணைக்கு என்று நினைத்தீர்களா? குழந்தையின் மேல் யாராவது கத்தி வைத்தால் கையைத் தட்டிவிட.

டாக்டரம்மா சின்ன வயது. மேஜையில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தபடி இருந்தது. கையில் ஒன்றை வைத்துக்கொண்டே கேட்டாள். "தானா போய் ஒண்ணுக்கு இருக்காளா?"

"நேரத்துக்குப் போறா டாக்டர். நல்லாவே போறா."

"அப்புறமும் நனையுதா? ஒரு நாள்ல எப்பவாவது சுத்தமா காஞ்சு இருக்கிற நேரம் உண்டா?"

நான் திருதிருவென்று விழித்தேன். பெற்றவள்தான், ஆனால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எனக்கு எப்படித் தெரியும்? "தூங்கி எழுந்தா காஞ்சுதான்..." என்று இழுத்தேன்.

"இல்ல டாக்டர்." பின்னால், சுவரோரம் நின்றபடி நாத்தனார். "தூங்கி எழுந்தாலும் இருக்கும். படுத்துட்டுச் சட்டுனு எழுந்தா கொஞ்சம் கூடுதலா வரும். சிரிச்சா, தும்முனா அதிகமாகறதுன்னு கிடையாது. ஒண்ணுக்குப் போயிட்டு வந்த உடனேகூடச் சொட்டும். தண்ணி குடிக்காம கிடந்தாலும் நிக்காது. நிக்கவே நிக்காது."

டாக்டரம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் குழந்தை உங்ககிட்ட சொன்னாளா?"

நாத்தனார் முந்தானையை இழுத்துப் பின்னால் சுற்றிக்கொண்டார். சிட்டு என் மடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எழுந்து, தன் பக்கத்திலிருந்த மெத்தை நாற்காலியை நகர்த்தி, "உக்காருங்கம்மா" என்றாள்.

"பரவாயில்ல."

"உக்காருங்க. நனைஞ்சா துடைச்சுக்கலாம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் குறுகிப் போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலி, கறுப்புப் புடவை, விடியற்காலைத் துவைப்பு, மாமியாரின் 'அப்படித்தான்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றைத்தான் பத்து வருஷமாக நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். நாத்தனார் கடைசி வரைக்கும் உட்காரவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்தாள். எல்லோருக்கும் ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் ஒரு குழாய் கிளம்பி மூத்திரப் பைக்குள் இறங்கும். பைக்கு அடியில் ஒரு வால்வு. அதை மூடித் திறப்பது நம் கையில். சிட்டுவுக்கு இடப்பக்கம் இரண்டு குழாய். ஒன்று ஒழுங்காகப் பைக்குப் போகிறது. இன்னொன்று பையை ஏமாற்றிவிட்டு, வால்வுக்குக் கீழே போய்த் திறந்திருக்கிறது. அதனால்தான் போகிறதும் ஒழுங்காகப் போகிறது, ஒழுகுகிறதும் ஓயாமல் ஒழுகுகிறது.

"பொறப்புலயே வர்றது. சில குடும்பங்கள்ல தலைமுறை தலைமுறையா வரும்" என்றாள். "வழி தவறின குழாயை வெட்டி, நல்ல குழாயோட சேர்த்துத் தைச்சுடுவோம். அதுக்கப்புறம் நனையாது."

"எவ்வளவு நேரம் ஆகும்?" நாத்தனார் கேட்டார்.

"ரெண்டு மணி நேர வேலைம்மா. அவ்வளவுதான்."

நல்ல சேதிதானே? நாத்தனார் முகம் இருண்டது. "ஆபரேஷன் வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். டாக்டரம்மா தயாராக இருந்தாள், தேதியும் கொடுத்தாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அந்த அப்பாவோ வீட்டுக்கு வந்ததும் "அக்கா என்ன சொல்றாங்க?" என்றார்.

"வேணாங்கறாங்க."

"அப்ப கொஞ்சம் யோசிப்போம்."

"நீங்க யோசிச்சு எந்தக் காலத்துல முடிஞ்சிருக்கு? நனையறது உங்க பொண்ணு!"

"அக்காவுக்குத் தெரியாததா?" என்றார். வாஸ்தவம்தான். அக்காவுக்குத் தெரியாததில்லை. அதுதானே பிரச்சினை! ஆனால் அக்காவின் கதையை நான் எப்படி அவரிடம் சொல்வது? ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே கூரையின் கீழ் வளர்ந்த மனுஷனுக்கு அன்றுவரைக்கும் ஒன்றும் தெரியாது. பெண்கள் விஷயம் என்று ஒரு கதவு இருக்கிறதல்லவா, அதைத் தட்டாமல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

தேதி நெருங்கியது. அதை விட்டால் டாக்டரம்மா வெளியூர் போகிறாள், திரும்பி வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் சிட்டு அந்த ஸ்டூலில்தான். ஒரு நாள் மத்தியானம் கூடத்தில் நாத்தனாரைப் பிடித்தேன். டிரையரிலிருந்து ஓட்டல் விரிப்புகள் சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்துவந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். எங்களுக்குள் எத்தனை சண்டை வந்தாலும் அந்த வேலை நிற்காது. பேசாத நாட்களிலும் முகத்துக்கு முகம் வந்துதான் தீர வேண்டும்.

"அண்ணி, அவர் உங்க வாயைப் பாத்துக்கிட்டு நிக்கறார். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்." விரிப்பை உதறினார்.

"ஏன்?"

"பச்சைக் குழந்தை வயித்தைக் கிழிக்கணுமா? எங்கம்மா எழுபத்தஞ்சு வயசு இருந்தாங்க. நான் இருக்கேன். இதால யாரு செத்துப் போயிட்டோம்?"

நடுவில் வந்து மூலைகளைக் கொடுத்தேன். முகம் கிட்டத்தில் இருந்தது. "சாகல அண்ணி. ஆனா உக்காரலையே."

"என்ன சொன்னே?"

"உங்களைத் திமிர் பிடிச்சவன்னு ஊரே சொல்லுச்சு. நானும் சொன்னேன். நாளைக்கு சிட்டுவையும் அப்படிச் சொல்லட்டுமா? அவளும் எந்த வீட்டுச் சுவத்துலயாவது சாஞ்சுக்கிட்டு, பரவாயில்ல பரவாயில்லன்னு நிக்கட்டுமா?"

அடிப்பார் என்றே நினைத்தேன். விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை நின்றுபோயிற்று.

"ரெண்டு மணி நேரமாம்டி" என்றார். "பிஸ்கட் தின்னுக்கிட்டே சொல்றா அந்தப் பொண்ணு, ரெண்டு மணி நேர வேலையாம். உனக்கென்ன தெரியும்? அந்த சோபா வெளிர் நீலம். வெளிர் நீலத்துல ஒரு சொட்டு பட்டாலும் தெரியும். அந்த மனுஷன் நல்லவரு. நான் நிக்கறதைப் பாத்துட்டு அவரும் எழுந்து நின்னாரு, தெரியுமா? எல்லாரும் சிரிச்சாங்க, அவரு உக்காரல. நான் கடைசி வரைக்கும் நின்னேன், அவரும் நின்னாரு."

டிரையர் ஓடி முடிந்து மணி அடித்தது. இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான்னு அம்மா சொன்னப்ப எனக்கு அது தாங்கிச்சு. மூக்கு நீளம், முடி சுருட்டைங்கற மாதிரி, இதுவும் ஒண்ணுன்னு இருந்துட்டேன். இப்ப வந்து, அது வெறும் குழாய், வெட்டித் தைச்சா போச்சுன்னா? நான் எதுக்குடி நின்னேன்? எதுக்காக இத்தனை வருஷம் நின்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பெண்மணிக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துச் சிரித்த வாய் இது. என்ன சொல்லித் தேற்றுவது?

அவரே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். விரிப்பு கசங்கியிருந்ததைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "மூலையைப் பிடி. திரும்ப உதறணும்." பிடித்தேன். உதறினோம். மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்த பிறகு, என்னைப் பார்க்காமலே, "அவன்கிட்ட சொல்லு, கையெழுத்துப் போடட்டும். அவ உக்காரட்டும்" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. இரண்டு மணி நேரம் என்றாளே, அதைவிடக் கொஞ்சம் சீக்கிரமே முடித்துவிட்டாள் அந்தக் கெட்டிக்காரி. நல்ல சேதி சொல்ல வெளியே வந்தவளை நாத்தனார் பார்த்த பார்வையில், இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கக் கூடாதா என்ற வருத்தம் எனக்குத் தெரிந்தது. மறுநிமிஷமே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குடும்பத்தில் ஓடுகிற விஷயம் என்பதால் எல்லோரையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நாத்தனாருக்கு இடப்பக்கம் சிட்டுவுக்கு இருந்த அதே கதை. இது எதிர்பார்த்ததுதான். என் வீட்டுக்காரர், "எனக்கெதுக்கு? நான் ஆம்பளை" என்று சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். படத்தைப் பார்த்தால் அவருக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் குழாய்! அக்காவைவிட ஒன்று அதிகம். மனுஷன் வெளிறிப் போய், "எனக்கு ஒண்ணும் ஒழுகலையே டாக்டர்" என்றார்.

"ஒழுகாது சார். ஆம்பளைங்களுக்கு அந்தக் குழாய் எங்க போய்த் திறந்தாலும் வால்வுக்கு மேலயேதான் திறக்கும். உங்க அம்மாகிட்ட இருந்து உங்க வழியா உங்க பொண்ணுக்கு வந்திருக்கு. நீங்க கொண்டு வந்து சேர்த்ததோட சரி."

அங்கேயும் ஆண்களுக்குத்தான் சலுகை. "பாத்தியாடா" என்றார் நாத்தனார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்கன்னு அம்மா சொன்னாங்களே, அதுல நீயும் சேத்தி." அன்று பூராவும் என் வீட்டுக்காரர் எதற்கும் அக்காவைக் கேட்கவில்லை. பாவம், வயிற்றைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

டாக்டரம்மா நாத்தனாரைத் தனியாக அழைத்து, "உங்களுக்கும் செய்யலாம்மா. வயசு ஒரு தடையில்ல" என்றாள்.

"அம்பத்திரண்டு வயசுல எனக்கெதுக்கும்மா? இனிமே யாரு வீட்டு சோபாவுல போய் உக்காரப் போறேன்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன். தலைகீழாக நின்றும் பார்த்தேன். "பழகினது பழகிப்போச்சு, விடு" என்றார். அதற்கு மேல் என்ன செய்வது?

சிட்டுவின் தையல் ஆறி, ஆபரேஷனில் உள்ளே வைத்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வெள்ளைப் பாவாடை போட்டுவிட்டேன். கூடத்தில் இஸ்திரி மேஜைக்கு அடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, துணியைத் தேய்க்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை நிறுத்தி வைத்தார். மெதுவாகக் குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சிட்டு. எப்படிடி இருக்கு?"

"எது அத்தை?"

"அதான். காஞ்சு இருக்கறது. எப்படி இருக்கு?"

சிட்டு யோசித்தாள். ரொம்ப யோசித்தாள். சரியான பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. "தெரியல அத்தை. காலையிலேருந்து நான் அதை நினைக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு விளையாட்டுக்குத் திரும்பினாள்.

"நினைக்கவே இல்லையா?" என்றார் நாத்தனார். அவள் காதில் விழவில்லை. "நினைக்கவே இல்லையாடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில், சலவைத் தூள் கொட்டிக் கிடந்த இடத்தில், உட்கார்ந்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து ஓடி வந்து, என்ன ஏது என்று புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய்" என்றார் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அந்த டாக்டர் பொண்ணுகிட்ட எனக்கும் ஒரு தேதி கேளுடா."

"என்னக்கா திடீர்னு? வேணாம்னீங்களே?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், நானும் அதை நினைக்காம இருந்து பாக்கணும்டா."